சொல்லும் மோடியும்

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வாழ்பவர்க்கு ‘மோடி’ என்னுஞ் சொல்லின் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை. அறுவடை முடிந்த காலத்தே ஊர்நடுவில் வட்டக்களரி அமைத்து விடியுமட்டும் கூத்தாடும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. களரிக்கு அரைக்கட்டை தூரத்தில் வருகின்ற முதியவர் ஒருவர், மத்தளத்தின் அடியும் சல்லரியின் ஓசையும் காற்றில் மிதந்துவந்து காதில் விழுந்த அளவிலே, “இது வடமோடி” என்றோ “இது தென்மோடி” என்றோ சொல்லிவிடுவார். ஆடப்படுவது எந்தக் கதை என்பது அவருக்கு அப்பொழுது தெரியாது. அதனை அறிய அவர் களரியை அணுகிப் பாட்டின் சொற்களைக் கேட்டல் வேண்டும். கதை வேறு, மோடி வேறு என்பதனை இவ்வூர்ச் சிறுபிள்ளையும் அறியும். ஆயினும் அவை ஒன்றோடொன்று உறவற்றவையும் அல்ல. போரும் வீரமும் மிக்க கதைகள் பெரும்பாலும் வடமோடியை நாடுகின்றன. காதலும் கற்பனையும் மிக்கவை தென்மோடியில் அமைகின்றன.

இன்று நான் பேசப் புகுந்த பொருள் கூத்தன்று. மனிதரின் இயல்பை அளந்தறிவதற்கென உளநூலார் வகுத்துள்ள ஆளுமைச் சோதனைகளைப் பற்றியே பேசப்போகின்றேன். அச்சோதனைகளின் வரலாற்றிலே மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்ற வினா ஒன்றுண்டு. ஒருவர் வெளிப்படுத்துவது எது, அதனை அவர் வெளிப்படுத்தும் விதம் எது, இவ்விரண்டையும் எங்ஙனம் பிரித்தறிவது என்பதே அவ்வினா. களரியருகே நின்று கேட்பவர்க்கு இஃது எளியதாகத் தோன்றலாம். ஒரு பிள்ளையின் எதிரே தாளும் பென்சிலுமாக அமர்ந்திருப்பவனுக்கு அவ்வளவு எளிதன்று. நான் இதனை முதன்முதலில் நூலிலே கற்கவில்லை.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் எழுவான்கரையைத் தாக்கிற்று. அக்காலத்தில் நான் உதவியாசிரியனாக இருந்தேன். அடுத்த சில கிழமைகளில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை ஒன்றுக்கு ஒரு குழுவினர் அச்சிட்ட வினாக்கொத்துகளுடன் வந்தனர். நல்லெண்ணம் படைத்தவர்கள்; தமிழ் அறியாதவர்கள். வினாக்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி, விடைக்கு நேரே அடையாளமிடும் பணி என்னைப் போன்ற சில ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் வந்து எதிரே அமர்ந்தான்.

“இரவிலே பயங்கரக் கனவு வருகிறதா?”

“ஓம் சேர்.”

“கடலை நினைத்தால் பயமாக இருக்கிறதா?”

“ஓம் சேர்.”

“மற்றப் பிள்ளைகளோடு விளையாட விருப்பமில்லையா?”

“ஓம் சேர்.”

தாளில் இல்லாத வினா ஒன்றை நானாகவே கேட்டேன். “இரவிலே நல்லாய் நித்திரை கொள்ளுகிறாயா?” அதற்கும் அவன் “ஓம் சேர்” என்றான். அவன் விடைகளைக் கூட்டியபோது, கடுந்துயரத்தால் பாதிக்கப்பட்டோர் வரிசையிலே அவன் பெயர் ஏறிற்று. அன்று மாலையே அவன் தென்னைமட்டையைத் துடுப்பாக்கிக் கிரிக்கெட் ஆடக் கண்டேன். அதனால் அவனுக்குத் துயரம் இல்லையென்று முடிவுசெய்வதும் தவறே. அந்தத் தாளிலிருந்து அவனைப் பற்றி ஒன்றுமே அறியமுடியாது என்பதுதான் உண்மை.

அவனுக்கு அடுத்து ஒரு சிறுமி வந்தாள். எல்லா வினாவுக்கும் மெல்லிய குரலில் “இல்லை” என்றாள். முகத்திலே கலக்கம் இல்லை. மடியில் ஒரு சிறிய சட்டையை வைத்துக்கொண்டு, வினாக்கள் முடியுமட்டும் அதனை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். அவளுடைய கூட்டுத்தொகை பூச்சியம். அச்சட்டை யாருடையது என்று வினாக்கொத்து கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அஃது அவளுடைய தம்பியின் சட்டை என்பதனைப் பல மாதங்களின் பின்னரே அறிந்தேன். தாளில் அடையாளமிட்டவன் நானாதலால், இக்குறையை வேறெவர்மீதும் சுமத்த எனக்கு உரிமையில்லை.

அச்சிறுவன் சொன்ன ‘ஓம்’ என்பதனைச் சற்றே ஆராய்வோம். நம் பேச்சில் ‘ஓம்’ என்பது உடன்பாட்டை மாத்திரம் குறிப்பதன்று. கதை கேட்கும் பிள்ளை ‘ம்’ கொட்டுவதுபோல, பெரியவர் பேசும்போது ‘ஓம், ஓம்’ என்பது, ‘நீங்கள் சொல்வது என் காதில் விழுகின்றது’ என்னும் பணிவுரை. இன்னுமொரு சிக்கலும் உண்டு. “விளையாட விருப்பமில்லையா?” என்று கேட்டால், விருப்பமில்லாத பிள்ளை ‘ஓம்’ என்றுஞ் சொல்லலாம், ‘இல்லை’ என்றுஞ் சொல்லலாம். தமிழிலே இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எதிர்மறையாக எழுதப்பட்ட வினாவை ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்து, ஓம் என்றால் ஒரு புள்ளி, இல்லை என்றால் பூச்சியம் என்று கணக்கிடுவோமாயின், நாம் அளப்பது பிள்ளையின் மனத்தையன்று, மொழிபெயர்ப்பின் குறையையே.

இத்தகைய மயக்கம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. 1946ஆம் ஆண்டிலே லீ குரொன்பாக் என்னும் அமெரிக்க உளநூலார், வினா எதுவாயினும் ஒரே பாங்கில் விடையளிக்கும் இயல்பு சிலரிடம் காணப்படுவதை எடுத்துக்காட்டினார். நான்கு ஆண்டுகளின் பின், ஜேர்மனியிலிருந்து அகதியாய் வந்த அடோர்னோவும் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர் மூவரும், அதிகாரத்துக்கு அடிபணியும் ஆளுமையைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். ஹிட்லரின் கொடுமையைக் கண்ட உலகத்துக்கு அது முக்கியமான ஆராய்ச்சி. ஆனால் அவர்கள் அமைத்த அளவுகோலில் எல்லா வாக்கியங்களும் ஒரே திசையை நோக்கியனவாக இருந்தன. ‘உடன்படுகிறேன்’ என்றால் அதிகார மனப்பான்மை உடையவர், அவ்வளவே. பின்வந்தோர் அதே வாக்கியங்களைத் தலைகீழாக மாற்றி எழுதிக் கொடுத்தனர். முன்னையதற்கு உடன்பட்டோரிற் சிலர் அதற்கு நேர்மாறான வாக்கியத்துக்கும் உடன்பட்டனர்! அவர்கள் சர்வாதிகாரத்தை விரும்பியவர்களா, அன்றி எதனையும் மறுத்துரைக்க விரும்பாதவர்களா?

1958ஆம் ஆண்டில் ஜாக்சன், மெசிக் என்னும் இருவர், ஆளுமையை அளப்பதிலே ‘பொருள்’ வேறு, ‘பாணி’ வேறு என்று வகுத்து எழுதிய கட்டுரை பெருவாதத்தைக் கிளப்பிற்று. வினாக்கொத்துகளின் விளைவுகளிலே பெரும்பகுதி, சொல்லப்பட்ட பொருளாலன்றிச் சொல்பவரின் பாணியால் வருவதென்பது அவர்தம் கருத்து. அதற்கு முந்திய ஆண்டிலேயே அலன் எட்வேட்ஸ் என்பார், உலகம் நல்லது என்று கருதும் விடையையே தேர்ந்தெடுக்கும் ஆசை விடைகளை எவ்வளவு வளைக்கின்றது என்பதை ஒரு நூலாகவே எழுதியிருந்தார். 1960இல் கௌச், கெனிஸ்ரன் என்போர் வாதத்தை வேறொரு பக்கத்துக்குத் திருப்பினர். எதற்கும் ஓம் என்பதும் எதற்கும் இல்லை என்பதும் குறையல்ல, அவையே ஆளுமையின் கூறுகள் என்றனர் அவர்கள். 1965இலோ ரோரர், புளொக் ஆகியோர், இந்தப் பாணி என்பது மிகைப்படுத்தப்பட்ட கதை. நன்கு அமைந்த சோதனையிலே பொருளே மேலோங்கி நிற்கும் என்று மறுத்துரைத்தனர். இவ்வாதம் இன்றும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. ஒவ்வொரு கருத்துக்கும் நேர்வாக்கியமும் மறுவாக்கியமும் கலந்து அமைத்தல் என்னும் வழக்கம் மாத்திரம் நிலைத்துவிட்டது. மறுவாக்கியம் தமிழிலே எவ்வளவு இடர்தரும் என்பதை முன்னரே கண்டோம்.

இஃது ஒருபுறமிருக்க, ‘சொல்லப்படுவது கிடக்கட்டும், சொல்லும் விதமே முக்கியம்’ என்று துணிந்து கூறியவரும் உளர். அவருள் தலையாயவர் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே 1884ஆம் ஆண்டு பிறந்த ஹேர்மன் றோர்ஷாக் என்னும் வைத்தியர். தாளில் மையைச் சிந்தி மடித்தாற்போன்ற பத்து வடிவங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, “இஃது என்னவாக இருக்கலாம்?” என்று அவர் கேட்டார். ஐந்து அட்டைகள் கறுப்பும் சாம்பலும். இரண்டிலே சிவப்பும் சேரும். மூன்று பலநிறங் கொண்டவை. அட்டையைப் பார்த்தவர் ‘வௌவால்’ என்று சொன்னாரா, ‘வண்ணத்துப்பூச்சி’ என்று சொன்னாரா என்பதை அவர் பெரிதாக எண்ணவில்லை. கறை முழுவதையும் ஒன்றாகக் கண்டாரா, மூலையிலுள்ள சிறு துண்டைக் கண்டாரா? உருவத்தைக் கொண்டு சொன்னாரா, நிறத்தைக் கொண்டா? நிற்பதாகக் கண்டாரா, அசைவதாகக் கண்டாரா? இவையே அவர் குறித்துக்கொண்டவை. 1921இல் தம் நூலை வெளியிட்டு, அடுத்த ஆண்டே, முப்பத்தேழாம் வயதில் அவர் இறந்துபோனார்.

றோர்ஷாக்கின் கருத்திலே ஒரு நயம் உண்டு. நம் வாவிக்கரைப் பிள்ளை மைக்கறையிலே நண்டைக் கண்டால், அஃது அப்பிள்ளையின் உள்ளத்தைக் காட்டுகிறதா, வாவியைக் காட்டுகிறதா? எதைக் காண்கிறோம் என்பதை நாம் வாழும் இடம் பெரிதுந் தீர்மானிக்கின்றது. எப்படிக் காண்கிறோம் என்பதிலே இடத்தின் பங்கு குறைவாயிருக்கும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை முழுதும் பலிக்கவில்லை. அவருக்குப் பின் வந்தோர் அட்டைகளிலிருந்து எண்ணிறந்த முடிவுகளைக் கறந்தனர். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான தொகுப்பாய்வு ஒன்று, ஒருவருடைய காட்சியும் சிந்தனையும் எவ்வளவு ஒழுங்குபட்டவை என்பது பற்றிய அளவீடுகளுக்கு நல்ல ஆதாரம் உண்டென்றும், வேறு பலவற்றுக்கு ஆதாரம் மிகக் குறைவென்றும் காட்டிற்று.

கோர்டன் ஓல்போட், பிலிப் வேர்ணன் என்னும் இருவர் 1933இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் எளிமையானது. நடக்கும் வேகம், கைகுலுக்கும் அழுத்தம், எழுத்தின் அளவு, வட்டம் வரையும் விதம் முதலியவற்றை அவர்கள் அளந்தனர். ஒருவருடைய அசைவுகளுக்குள்ளே ஓரளவு ஒருமைப்பாடு உண்டென்று கண்டனர். ஒவ்வொரு செயலிலும் இரு கூறுகள் உண்டென்பது ஓல்போட் பின்னர் வலியுறுத்திய கருத்து. ஒன்று, காரியத்தை முடிப்பதற்கான முயற்சி. மற்றது, தன்னை அறியாமலே வெளிப்படும் தனித்தன்மை. இதற்கு அமெரிக்காவிலே உதாரணந் தேடவேண்டியதில்லை. விடியற்காலையில் வாவியிலே வீச்சுவலை எறிபவரைப் பாருங்கள். மீனைப் பிடிப்பது காரியம். வலையை எறியும் முறை தந்தையிடங் கற்றது. ஆயினும் முகந்தெரியாத அரையிருளில், தோள் திரும்பும் விதத்தைக் கொண்டே, தோணியில் நிற்பவர் இன்னார் என்று கரையில் நிற்பவர் சொல்லிவிடுவர்.

இதனைக் கேட்டவுடன் சிலர், ‘அப்படியானால் கையெழுத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாமே’ என்பர். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். கையெழுத்து நிபுணர் சிலர் உண்மையிலேயே ஆளைப் பற்றிச் சரியாகச் சொன்னதுண்டு. 1989ஆம் ஆண்டில் இஸ்ரேலைச் சேர்ந்த நேற்றர், பென்சகார் என்னும் இருவர் பதினேழு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். நிபுணரிடம் கொடுக்கப்பட்ட தாள்களிற் பல, எழுதியவர் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதியவை. கையெழுத்துக் கலையை ஒருசிறிதும் அறியாத உளநூலார் அதே தாள்களை வாசித்து, நிபுணருக்குக் குறையாமல், பார்க்கப்போனால் சற்று மேலாகவே, மதிப்பிட்டனர். எழுத்தின் சாய்வுக்கும் சுழிக்கும் கிடைத்த புகழ், எழுதப்பட்ட பொருளுக்கே உரியது! வெறும் பாடப்பகுதியைப் பார்த்து எழுதிய தாள்களைக் கொடுத்தபோது நிபுணரின் திறமை ஏறக்குறைய மறைந்துபோயிற்று. சொல்லின் உழைப்புக்கு மோடி கூலிவாங்கிய கதை இது.

நம் முன்னோர் இவ்விடயத்தை எங்ஙனம் நோக்கினர் என்பதையும் சிறிது பார்த்தல் தகும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து நிகழ்வது உடலிலே புலப்படுவதை எட்டு வகையாகப் பிரிக்கின்றது. அம்மட்டில் நில்லாது, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் கூறுகின்றது. அழுகைக்கு மாத்திரம், இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலையினின்று தாழ்தல், வறுமை என நான்கு காரணங்கள். ஆக, கண்ணீரைக் கண்டவுடன் காரணத்தைக் கண்டுவிட்டதாக எண்ணலாகாது என்பது அந்த வகுப்பிலேயே அடங்கியுள்ளது. காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள், 1926இல் வெளிவந்த தமது ‘மதங்க சூளாமணி’யில், இந்த மெய்ப்பாட்டு நெறியைக் கொண்டு ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்தார். நடிகன் துன்பமின்றியே துன்பத்தின் மெய்ப்பாட்டைக் காட்டவல்லவன். சட்டையை மடித்துக்கொண்டிருந்த அச்சிறுமியோ துன்பத்தைச் சுமந்துகொண்டு, முகத்திலே அதன் மெய்ப்பாட்டைக் காட்டாதிருந்தாள். கைகள் மாத்திரம் அவளுக்கு அடங்கவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள், போர் நம் மக்களின் உள்ளத்தில் விளைத்த கேட்டினைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். உள்ளத்துத் துயரை நம்மவர் பெரும்பாலும் உடல் நோவாகவே வைத்தியரிடம் எடுத்துரைப்பதை அவர் எழுத்துகள் விரிவாகக் காட்டுகின்றன. ‘நெஞ்சு அடைக்குது’, ‘தலை விறைக்குது’, ‘உடம்பு எரியுது’ என்று சொல்பவரிடம் கவலையுண்டா என்று வினாக்கொத்து கேட்டால், இல்லை என்பதே விடை. அவர் பொய் சொல்லவில்லை. துயரத்தை அவர் வேறொரு மோடியிலே பாடுகின்றார். ஆழிப்பேரலையின் பின் இலங்கையைச் சேர்ந்த உளநூலார் காயத்ரி பெர்னாண்டோ செய்த முயற்சி இங்கே குறிப்பிடத்தக்கது. பிறநாட்டு வினாக்களைப் பெயர்த்தெழுதாது, துன்புற்ற மக்கள் தாமே கூறிய வரலாறுகளைக் கேட்டு, அவர்தம் சொற்களைக் கொண்டே ஓர் அளவுகோலை அமைத்து 2008இல் வெளியிட்டார். நம் மட்டக்களப்பிலேயே 1996இல், அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவின் ஓவியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றுகூடிக் களிமண்ணும் வண்ணமும் கதையுமாகத் தம் உள்ளத்தை வெளிக்கொணர இடங்கொடுத்தது. அங்கே கைக்கு வேலை இருந்தது.

எனினும் ‘விதம்’ எப்பொழுதும் ஆளுக்கே உரியது என்று கொண்டுவிடலாகாது. சாவீட்டிலே ஒப்பாரி கேட்டவர் இதனை அறிவர். ஒப்பாரியின் உவமைகளும் விளிகளும் ஊருக்குப் பொதுவானவை. தாயிடமும் பெரியம்மாவிடமும் கேட்டுக் கற்றவை. கணவனை இழந்தவள் பாடுவதையும், அயல்வீட்டாள் அவளுக்குத் துணையாய் அமர்ந்து பாடுவதையும் எழுதிவைத்துப் பார்த்தால் சொற்களிலே பெரிய வேறுபாடு இராது. ஓரிடத்தில் குரல் தடைப்படும். ஓரடி பாடப்படாமலே விடுபடும். வேறுபாடு அங்கேதான் உண்டு. ஆயின் உரத்து அழுவது என்னும் வழக்கமோ ஊராருடையது. அதனைக் கொண்டு, மட்டக்களப்புப் பெண் உணர்ச்சிமிகுந்தவள், சூரிச்சுப் பெண் உணர்ச்சியற்றவள் என்று ஆளுமையை எடைபோடுவது அறியாமை. விதத்திலும் ஊரின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு, கேட்பவரின் முன்னே எழுந்த பங்கு எவ்வளவு என்று பிரித்தாக வேண்டும். என் அநுபவத்திலே, நாம் அடிக்கடி மறந்துபோவது இம்மூன்றாவதையே. அறிமுகமில்லாதவர் முன்னிலையில் பணிவாய் அமர்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து, ‘இவன் இயல்பிலேயே பணிந்தவன்’ என்று எழுதிவிடுகின்றோம்.

அதிபராய் அமர்ந்தபின், பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் எழுதும் குறிப்புகள் என் மேசைக்கு வரத் தொடங்கின. படுவான்கரையிலிருந்து தோணியேறி வந்து படிக்கும் ஒரு மாணவனைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார்: “குரல் தாழ்ந்தது, நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஆகவே தன்னம்பிக்கை இல்லாதவன்.” முதல் இரண்டும் அவர் கண்ணாற் கண்டவை. பிழை அந்த ‘ஆகவே’ என்னுஞ் சொல்லில் இருந்தது. அன்றுமுதல் குறிப்பேட்டின் பக்கத்தை மூன்றாகக் கோடிட்டுக் கொடுத்தேன். பிள்ளை சொன்னது ஒருபுறம், சொன்ன விதம் ஒருபுறம், கேட்டவர் யார், எங்கே வைத்துக் கேட்டார் என்பது மற்றொருபுறம். ஆசிரியர் சிலர் வேலைப்பளு என்று முறுமுறுத்தனர். முறுமுறுப்பிலே நியாயமும் உண்டு. ஆனால் மூன்றாம் பக்கம் நிரம்பத் தொடங்கியதும், ஒரே பிள்ளை அலுவலகத்திலே ஒருவனாகவும் விளையாட்டுத் திடலிலே வேறொருவனாகவும் தோன்றுவதை அவர்களே எனக்கு வந்து சொன்னார்கள்.

சென்ற தவணையிலே, நூலிற் படித்ததைச் சோதித்துப் பார்க்கும் ஆசையால், ஒன்பதாந் தர மாணவருக்குச் சில வாக்கியங்களை எழுதிக் கொடுத்தேன். “புதியவர்களோடு பேசுவது எனக்கு எளிது” என்பது ஒன்று. பல வரிகள் தள்ளி, “புதியவர்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது” என்பது மற்றொன்று. எதிர்பார்த்தவாறே, இரண்டுக்கும் ‘ஓம்’ என்று அடையாளமிட்ட தாள்கள் சில வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றுக்குரிய மாணவனைப் பாடசாலை விட்டபின் அழைத்து, இரண்டு வாக்கியங்களையும் அருகருகே காட்டி, “தம்பி, இவை இரண்டும் எப்படி உண்மையாகும்?” என்று கேட்டேன். அவன் தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு, எனக்காக இரங்குபவனைப் போலச் சொன்னான்:

“ரெண்டையும் நீங்கதானே சேர் எழுதினீங்க. எதை நான் பிழை எண்டு சொல்லுறது?”